சிட்டி தலைமேல் சத்தியம்

1

“மீ ஊரு ஏது மேடம்?” என்று கேட்டார், சிறை வாசலில் புதிதாகப் பணிக்கு வந்திருந்த காவலர். உங்கள் ஊர் எது என்கிறார். ஹைதராபாத் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், நான் பேசிய நாலு வார்த்தைத் தெலுங்கை மனதுக்குள் ஒரு தரம் ஓட்டிப் பார்த்தார், “அதி காது மேடம், அசல் ஊரு?” என்றார்.

அது இல்லையாம், அசல் ஊராம்! இந்த ஆடியோடு நான் இங்கே வந்து பத்து வருஷம் ஆகிறது. ரேஷன் கார்டு இங்கே, ஓட்டு இங்கே, என் மகனுக்குப் பால் பல் விழுந்தது இங்கே. இருந்தும் வாயைத் திறந்தால் போதும், திண்டுக்கல் வெளியே வந்து விழுந்துவிடுகிறது. “தமிழ்நாடு” என்று ஒப்புக்கொண்டேன். பையைப் பிரித்துக் காட்டினேன், கைப்பேசியை ஒப்படைத்தேன். அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் விடுப்பில் போயிருக்கிறார், அவருக்குப் பதிலாகப் போடக்கூடியவர் டிபன் சாப்பிடப் போயிருக்கிறார் என்றார்கள். வேப்பமரத்தடியில் நின்றேன். பத்து வருஷத்தைக் கொண்டாட இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

ஊரிலிருக்கும் உங்களுக்கு ஹைதராபாத் என்றால் பிரியாணி, முத்துமாலை, கண்ணாடிக் கட்டடம். என் கணவர் சேகர் வேலை செய்கிற கட்டடம் எத்தனை மாடி என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. போன தடவை ஒரு கல்யாணத்துக்கு வந்தபோது என் அத்தை மகள் பந்தியில் வைத்து, “நீ என்னடி வாரா வாரம் ஜெயிலுக்குப் போறியாம்?” என்று கத்திக் கேட்டாள். இரண்டு பக்கமும் இலையில் கை நின்றுபோயிற்று.

ஆமாம், போகிறேன். செவ்வாய்க்கிழமை தோறும் எங்கள் வீடு இருக்கிற சைனிக்புரியிலிருந்து ஒரு பஸ், செகந்திராபாத்திலிருந்து இன்னொரு பஸ். மனநலம் படித்தவள் என்பதால் ஒரு தொண்டு நிறுவனம் என்னை அனுப்புகிறது. அடிபட்டு மிதிபட்டு, பார்க்கக் கூடாததைப் பார்த்து, அதை யாரிடமும் சொல்லாமல் உள்ளே வந்து சேர்ந்த பெண்கள் எட்டுப் பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து ஒருவருக்கொருவர் பேச வேண்டும். பேசப் பேசத் தூக்கம் வரும், தூக்கத்தில் அலறுவது குறையும், தட்டு விழுந்த சத்தத்துக்கு உடம்பு தூக்கிப் போடாது. இதுதான் என் வேலை. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது.

2

முதல் சண்டை வட்டத்துக்கே வந்தது. கைதிகள் இரண்டிரண்டு பேராக வரிசையில்தான் உட்கார வேண்டுமாம். “வட்டத்தில் உட்கார்ந்தால் எங்கே எண்ண ஆரம்பிப்பது, எங்கே முடிப்பது?” என்று கேட்டார் பெண் வார்டர். அவர் கேட்டதில் நியாயம் இருந்ததுதான் எனக்கு இன்னும் எரிச்சல். சூப்பிரண்டு மேடத்துக்கு எழுதினேன். அவர் மேலே எழுதினார். மேலே இருந்தவர் அதற்கும் மேலே எழுதினார். ஒரு பருவம் கழித்து, ‘வட்ட வடிவில் அமர அனுமதிக்கப்படுகிறது’ என்று முத்திரை குத்திய தாள் வந்தது. அதுவரைக்கும் இவர்கள் ரயில் பெட்டியில் உட்கார்ந்திருப்பதுபோல வரிசையாக உட்கார்ந்து முன்னால் இருப்பவளின் கொண்டையைப் பார்த்துக்கொண்டு தங்கள் துக்கத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. யார் சொல்வார்கள்?

வட்டம் கிடைத்தது. அப்புறமும் யாரும் வாயைத் திறக்கவில்லை. நான் ஒவ்வொரு வாரமும் கனிவாக, “அவசரம் லேது, மெல்லகா செப்பண்டி” என்று சொல்லிப் பார்த்தேன். அவசரமில்லை, மெதுவாகச் சொல்லுங்கள் என்று அர்த்தம். எனக்கு. அவர்கள் என்னையே பார்த்தபடி இருந்தார்கள். நானும் ஆழ்ந்த அதிர்ச்சியால் ஏற்பட்ட மௌனம் என்று அறிக்கையில் பெரிதாக எழுதி அனுப்பினேன். கடைசியில் யாதம்மாதான், “மேடம், நீங்களே தேவையில்லை, தேவையில்லை என்கிறீர்கள். அப்புறம் சொல் என்கிறீர்கள். நாங்கள் என்னதான் செய்வது?” என்று கேட்டாள். தெலுங்கில் அவசரம் என்றால் தேவையாம்.

வீட்டுக்கு வந்து சொன்னால் என் மகன் கதிர் சோபாவில் உருண்டு சிரிக்கிறான். “மா, அவசரம் அன்டே நீட் மா! இது கூட தெலீதா?” பதின்மூன்று வயது. நான் தமிழில் கேட்பேன், அவன் தெலுங்கில் ஆரம்பித்து ஹிந்தியில் திரும்பி இங்கிலீஷில் முடிப்பான். “தமிழ்ல பேசுடா எருமை” என்றால், “லைட் தீஸ்கோ மா” என்பான். இந்த ஊர்ப் பிள்ளைகளின் தேசிய கீதம் அது. பெரிதாக எடுத்துக்காதே என்று பொருள். எதைச் சொன்னாலும் லைட் தீஸ்கோ. கணக்கில் ஃபெயிலா, லைட் தீஸ்கோ. அம்மாவின் பாஷை தெரியவில்லையா, அதுவும் லைட் தீஸ்கோ.

அதோடு தொண்டு நிறுவனத்தின் ஒன்று முதல் பத்து வரை. ஒவ்வொருத்தியிடமும், “உன் வேதனை பத்துக்கு எத்தனை?” என்று மாதம் ஒரு தரம் கேட்டு எழுத வேண்டும். பழைய நகரத்துப் பெண் ஷாஹீன் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “மேடம், கைக்கு பூச்ரே? பத்து சொன்னா வெளியே விடுவாங்களா?” எதற்குக் கேட்கிறீர்கள் என்கிறாள். எல்லோருக்கும் ஏழு என்று போட்டு அனுப்பினேன்.

யாதம்மா யார் என்று சொல்லவில்லையே. ஆயுள் தண்டனைக் கைதி. நாற்பத்தைந்து வயதிருக்கும். கட்டை குட்டையான உருவம், அறையில் எந்தச் சண்டையும் அவளிடம் வந்துதான் முடியும். ஊர்க்கதை, மற்றவள் கதை, வார்டர் வீட்டுக் கதை எல்லாம் சொல்வாள். அவள் கதைக்கு வந்தால் மட்டும், “எனக்கென்ன மேடம், பெரிய கேஸ், பழைய கேஸ்” என்று பக்கத்தில் இருப்பவளைக் காட்டிவிடுவாள். அவள் பேசியதெல்லாம் தெலுங்கு. எனக்குப் பிடிபட்ட அளவுக்குத் தமிழில் தருகிறேன். எல்லோருடைய பெயரையும் மாற்றியிருக்கிறேன்.

3

குழுவின் விதிகளைக் குழுவே வகுக்க வேண்டும், நடத்துபவர் அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்று பெங்களூரில் எனக்குப் பயிற்சி கொடுத்தவர்கள் சொல்லியிருந்தார்கள். முதல் விதி: இங்கே பேசியது இந்த வட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது. அதைப் பெரிய தாளில் கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன்.

யாதம்மா தாளைப் பார்த்தாள். “இது சுவருக்குச் சரி மேடம். எங்களுக்கு ஒட்டு வேணும்” என்றாள்.

ஒட்டு என்றால் தெலுங்கில் சத்தியம். அதுவும் பிள்ளையின் தலையில் கை வைத்துச் செய்தால்தான் ஒட்டு. மீறினால் அந்தப் பிள்ளைக்கு ஆகாது. அந்த வட்டத்தில் ஒரே ஒரு பிள்ளைதான் இருந்தது. பாவாயியின் மகள் சிட்டி, ஐந்து வயது. ஆறு வயது வரைக்கும் தாயோடு உள்ளே இருக்க விடுவார்கள்.

பாவாயி நம் ஊர்க்காரி. திருச்செங்கோட்டுப் பக்கம். போர்வெல் லாரியோடு ஊர் ஊராகப் போகிற கூட்டத்துக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தவள். அந்த லாரியில் அவள் புருஷன் டிரில்லர். ஹைதராபாத்துக்கு வெளியே கூடாரம் போட்டிருந்த இடத்தில் ஒரு நாள் அவன் செத்துக் கிடந்தான். கொன்றது இவள் என்று வழக்கு. ஒன்றரை வருஷமாக விசாரணைக் கைதி. போலீஸிடம் பேசவில்லை, வக்கீலிடம் பேசவில்லை, என்னிடம் தமிழில் இரண்டே வார்த்தை பேசியிருக்கிறாள். “வாங்க்கா”, “சரீங்க்கா”. மகளோ உள்ளே வந்த பிறகு தமிழை விட்டுவிட்டது, தெலுங்கைத் தவிர வேறொன்றும் பேசாது. தாய் “இங்க வா சாமி” என்றால் மகள் “ரானு போ” என்று ஓடும். வரமாட்டேன் போ.

அந்தச் சிட்டியை வட்டத்தின் நடுவில் நிறுத்தினார்கள். ஒருத்தி ஒருத்தியாக வந்து அவள் எண்ணெய்த் தலையில் கை வைத்து, “இங்கே பேசினது வெளியே போகாது, ஒட்டு” என்றார்கள். பாவாயியும் வைத்தாள். குழுவின் விதிக்கு நான் கட்டுப்பட வேண்டுமல்லவா? நானும் போய் வைத்தேன். அது நெளிந்து சிரித்தது. குழு ஒன்றாகிவிட்டது, பயிற்சியில் சொன்னபடியே நடக்கிறது என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை வேறு.

4

சத்தியம் செய்த பிறகு பேசினார்கள். என் கனிவான தெலுங்குக்கு அசையாதவர்கள் அந்தப் பிள்ளையின் தலைக்காகப் பேசினார்கள். ஷாஹீன் மூன்று வாரம் விட்டு விட்டுப் பேசினாள். அவள் பேசி முடித்த நாளில், யாரும் கேட்காமலே, பாவாயி தமிழில் ஆரம்பித்தாள்.

சிட்டி யாதம்மாவின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. பாவாயி தரையைப் பார்த்துக்கொண்டு, குரல் ஏறாமல் இறங்காமல், அரிசியில் கல் பொறுக்குவதுபோல ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னாள். வார்டர் மணியைப் பார்த்தும் எழுப்பவில்லை. நான் மொழிபெயர்க்கவில்லை, யாரும் கேட்கவுமில்லை. அவள் முடித்தபோது அத்தனை பேரும் அழுதுகொண்டிருந்தார்கள். “உங்களுக்குப் புரிந்ததா?” என்று யாதம்மாவைக் கேட்டேன். “இதற்குப் பாஷை எதற்கு மேடம்?” என்றாள் எரிச்சலோடு.

அவள் என்ன சொன்னாள் என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்லமாட்டேன். ஒன்றை மட்டும் சொல்கிறேன். அவள் சொன்னது ஒரு நீதிபதியின் காதில் விழுந்தால் அவள் வீட்டுக்குப் போக வழி உண்டு. விழாவிட்டால் ஆயுள் தண்டனை. சிட்டிக்கு ஆறு முடிந்ததும் ஏதோ ஒரு விடுதிக்கு அனுப்பிவிடுவார்கள்.

அடுத்த வாரம் ஓடினேன். “பாவாயி, இதை அப்படியே உன் வக்கீல்கிட்ட சொல்லிடு.”

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “அதெப்படீங்க்கா? வட்டத்துல சொல்லிப்போட்டனுங்களே.”

“அதனால என்ன?”

“வட்டத்துல பேசுனது வெளிய போவக் கூடாதுங்க. சத்தியம் பண்ணியிருக்கறமுல்லங்க. வெளிய சொன்னா எம்புள்ள தலைக்குத்தானுங்க வரும்.”

“அது உன் கதைடி! அடுத்தவங்க கதையத்தான் சொல்லக் கூடாது. உன் கதைய நீ யார்கிட்ட வேணும்னாலும் சொல்லலாம்.”

“அப்பிடீன்னா சத்தியம் பண்ணறப்பவே அதையுஞ் சொல்லியிருக்கோணுமுங்க” என்றாள் பாவாயி.

ஒன்றரை வருஷம் வாய் திறக்காதவள் வாய் திறந்தால் இப்படியா? மற்றவர்களைத் துணைக்கு அழைத்தேன். அதுவரை குளியலறைத் தண்ணீரில் தொடங்கி எதிலும் ஒத்துப்போகாத பெண்கள், இதில் ஒரே குரலில் அவள் பக்கம் நின்றார்கள். ஒட்டு என்றால் ஒட்டு. முதலில் வக்கீலிடம் சொல்லிவிட்டு அப்புறம் வட்டத்தில் சொல்லியிருந்தால் குற்றமில்லை. வட்டத்தில் சொன்ன பிறகு அது வட்டத்தின் சொத்து.

யாதம்மா ஒரு வழி சொன்னாள். “வெளியே போகக் கூடாது, அவ்வளவுதானே? வக்கீலை உள்ளே கொண்டு வாங்க. அவரும் சிட்டி தலையில் கை வைக்கட்டும். அவர்கிட்ட சொல்லலாம்.”

அரசாங்கம் பாவாயிக்குக் கொடுத்திருந்த இலவச வக்கீல் ரமணா, நல்ல பையன், ஆனால் எப்போதும் மோட்டார் சைக்கிளை அணைக்காமலே பேசுகிறவர். அவரிடம் போய்ச் சொன்னேன். ஹெல்மெட்டைக் கழற்றினார்.

“மேடம், என் வேலையே வெளியே சொல்வதுதான். அங்கே கை வைத்துவிட்டு வந்து நான் கோர்ட்டில் என்ன செய்வது, டான்ஸ் ஆடுவதா? அவளுக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் இதுவரை வாதாடியிருக்கிறேன். வேறு விஷயம் இருக்கிறதென்றால் நீங்களாவது சொல்லுங்கள்.”

“என்னால் முடியாது” என்றேன். தொழில் தர்மம் என்று காரணம் சொன்னேன். என் உள்ளங்கையில் அந்த எண்ணெய்த் தலை இருந்தது என்பதை எப்படிச் சொல்வேன்?

5

சேகர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். “நீ படிச்சவதானே? அது மூடநம்பிக்கைன்னு எடுத்துச் சொல்ல வேண்டியதுதானே?”

எடுத்துச் சொல்ல வேண்டியதுதான். சொல்லிப் பாருங்களேன், யாராவது.

எங்கள் ஊரில் என் அப்பாவுக்குப் பூட்டுக் கடை. அப்பாவின் தங்கைக்கும் அவருக்கும் ஏதோ மனத்தாங்கல். அத்தை கோயிலில் கற்பூரத்தை ஏற்றி உள்ளங்கையால் அடித்து அணைத்து, ‘இனி அண்ணன் வீட்டு வாசப்படி மிதிக்கமாட்டேன்’ என்று சத்தியம் செய்தாள். ஒரு மாதத்தில் சண்டை தீர்ந்துவிட்டது. எங்களுக்குத் துணி எடுத்துக் கொடுப்பாள், கடைக்கு வந்து அப்பாவோடு மணிக்கணக்கில் பேசுவாள், வீட்டுப் படி மட்டும் ஏறமாட்டாள். அப்பா செத்த அன்றைக்கு எதிர்சாரியில், சைக்கிள் கடை வாசலில் நின்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். நான் போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். கல்லூரியில் மனநலம் படித்துக்கொண்டிருந்த திமிரில், “அதெல்லாம் ஒண்ணும் ஆகாது அத்தை” என்றேன். “உனக்கு ஆகாதுடி” என்றாள். வரவில்லை. சவத்தைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்த பிறகுதான் அண்ணன் முகத்தைப் பார்த்தாள்.

அதனால் பாவாயியிடம் மூடநம்பிக்கை என்று நான் சொல்லவில்லை. எனக்கு அந்த அளவுக்குத் தைரியம் கிடையாது.

இதற்கு நடுவில் கோர்ட் தன் பங்குக்குப் படுத்தியது. பாவாயியை நீதிபதி நேரில் கேள்வி கேட்க வேண்டிய கட்டம். தமிழ் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் இல்லை, வாய்தா. சிறையிலிருந்து அழைத்துப் போகப் போலீஸ் இல்லை, வாய்தா. பந்த், வாய்தா. ஒரு தடவை தமிழ் தெரியும் என்று கோர்ட் ஊழியர் ஒருவர் முன்வந்தார். கூண்டருகே போய் பாவாயியைப் பார்த்து, “சாப்ட்டாச்சா?” என்றார். அவள் “ஆச்சுங்க” என்றாள். அதற்கு மேல் அவருக்குத் தமிழ் கிடையாது. அதற்கும் வாய்தா. இவ்வளவு கண்ணாடிக் கட்டடங்களில் இவ்வளவு தமிழர்கள் உட்கார்ந்திருக்கும் ஊரில், ஒரு பெண்ணை ‘என்ன நடந்தது’ என்று கேட்க ஆளில்லை.

கடைசியில் ரமணா மனுப் போட்டு என்னையே மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொள்ள நீதிபதி ஒப்புக்கொண்டார். தேதியும் கொடுத்தார். அதற்கு முன்னால் ஒரே ஒரு செவ்வாய்க்கிழமைதான் இருந்தது.

6

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் கத்தியேவிட்டேன். வட்டத்தில் நடத்துபவர் குரலை உயர்த்தக் கூடாது என்பது பயிற்சி. “உங்க எல்லாருடைய ஒட்டும் சேர்ந்து இவளை ஆயுசுக்கும் உள்ள போடப்போகுது! பிள்ளையைக் காப்பாத்தறோம்னு பிள்ளைகிட்டேருந்து தாயைப் பிரிக்கப்போறீங்க! இதுக்கா நான் ரெண்டு பஸ் மாறி வரேன்?” தமிழும் தெலுங்கும் கலந்து எது எதிலோ கத்தினேன். சிட்டி பயந்து தாயின் முந்தானைக்குள் புகுந்தது.

பாவாயி மட்டும், “நா உள்ளயே கெடந்தாலுஞ் செரீங்க்கா. அது உசுரோட இருந்தாப் போதும்” என்றாள்.

அப்போது ஷாஹீன், “கைக்கு இத்னா பரேஷான்?” என்று எழுந்தாள். எதற்கு இவ்வளவு அவஸ்தை என்று கேட்டபடி சிட்டியை முந்தானையிலிருந்து வெளியே எடுத்தாள். “பலாயி லே லேங்கே” என்றாள்.

இரண்டு கைகளாலும் பிள்ளையின் தலையிலிருந்து கன்னம் வரைக்கும் வழித்து, விரல்களை மடக்கித் தன் நெற்றிப்பொட்டில் வைத்து அழுத்தினாள். சடசடவென்று நெட்டி முறிந்தது. எங்கள் வீடுகளில் இது உண்டு, உன் பீடை எல்லாம் என் தலைக்கு வரட்டும் என்று எடுத்துக்கொள்வது என்றாள். யாதம்மா துள்ளினாள். “நாங்களும் செய்வோமே, திஷ்டிக்கு!” பாவாயி என்னைப் பார்த்தாள். அதை அவளுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. திருச்செங்கோட்டிலும் திண்டுக்கல்லிலும் குழந்தைக்குத் திருஷ்டி கழித்து நெட்டி முறிக்காத வீடு ஏது?

பிறகு அங்கே நடந்த விவாதத்தை எந்த கோர்ட்டிலும் நான் பார்த்ததில்லை. ஒட்டை உடைக்க முடியாது. ஆனால் அதன் கேடு பிள்ளையின் தலையில்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. கை வைத்தவர்கள் அவரவர் வைத்ததை அவரவர் தலைக்கு எடுத்துக்கொள்ளலாம். பாவாயி எடுக்கலாமா? கூடாது, அவளுக்கு ஏதாவது ஆனால் பிள்ளைக்கு யார்? அப்படியானால் அவள் பங்கு? “என் தலைக்கு” என்றாள் யாதம்மா. “எனக்கு இனிமேல் வர என்ன இருக்கு? என் பிள்ளைகள் என்னை அம்மா என்று சொல்லிக்கொள்வதே இல்லை.” இதைச் சந்தையில் விலை சொல்வதுபோலச் சொன்னாள்.

ஒருத்தி ஒருத்தியாக வந்து பிள்ளையின் தலையை வழித்துத் தன் பொட்டில் முறித்துக்கொண்டாள். யாதம்மா இரண்டு தரம். என் முறை வந்தது.

எனக்குக் கை எழவில்லை. உண்மையைச் சொல்கிறேன், கதிரின் முகம் வந்தது. கழிசடை, அம்மா பாஷை தெரியாத எருமை, என் ஒரே பிள்ளை. என் தலைக்கு வருவது அவனைத் தொடாமல் போகுமா? எனக்கு இதில் நம்பிக்கை கிடையாதே என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். நம்பிக்கை இல்லாதவள் ஏன் இன்னும் நின்றுகொண்டிருக்கிறேன்?

யாதம்மா பார்த்துவிட்டாள். “மேடம், உங்களுக்கும் பிள்ளை இருக்கான் இல்லையா? விடுங்க. உங்க பங்கும் எனக்கே வரட்டும்” என்று முன்னால் வந்தாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. “தேவையில்லை, நகரு” என்று அவளைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன். சிட்டியின் தலையை வழித்து என் பொட்டில் வைத்து அழுத்தினேன். நெட்டி முறியவில்லை. இன்னொரு தரம் அழுத்தினேன். அப்போதும் முறியவில்லை. சத்தம் வராவிட்டால் செல்லாது என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். மூன்றாவது தரம் சுண்டுவிரலில் ‘டிக்’ என்று ஒன்று கேட்டது. சிட்டி கைகொட்டிச் சிரித்தது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

7

கோர்ட்டில், உள்ளதை உள்ளபடி மொழிபெயர்ப்பேன் என்று எனக்கும் ஒரு சத்தியம் செய்துவைத்தார்கள். போதுமடா சாமி என்று இருந்தது.

நீதிபதி ஜலதோஷத்தில் இருந்தார். வேறு வழக்குக்காரர்கள் வெளியே போகலாம் என்றார். பாதிப் பேர் போனார்கள். பாவாயி கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தாள். வட்டத்தில் சொன்ன அதே குரல். அவள் ஒரு வாக்கியம், நான் ஒரு வாக்கியம். என் தெலுங்கோ வெண்டைக்காய்க்கும் கறிவேப்பிலைக்கும் பழகிய தெலுங்கு, இதற்குப் பழகியதல்ல. நான் தடுமாறிய இடத்திலெல்லாம் நீதிபதி சரியான சொல்லை எடுத்துக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் எடுத்துக் கொடுப்பதை நிறுத்திவிட்டார். நான் தப்பும் தவறுமாகச் சொன்னதை அப்படியே கேட்டுக்கொண்டார். தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் ஓரிடத்தில் விரலை எடுத்துவிட்டாள். மறுபடி சொல்லும்படி நீதிபதி கேட்க, பாவாயியும் மறுபடி சொன்னாள், நானும் மறுபடி சொன்னேன்.

அதன் பிறகும் வாய்தாக்கள் இருந்தன. ரமணா தன் வாதத்தை முழுக்கத் திருப்பிப்போட வேண்டியிருந்தது. சண்டைக்கு வந்தார், ஆனால் செய்தார். அவள் உடம்பிலிருந்த பழைய காயங்களைப் பற்றி டாக்டரை மறுபடி அழைத்துக் கேட்டார். முடிவில், கொலை அல்ல, தன்னைக் காத்துக்கொள்ளப்போய் எல்லை மீறியதில் நேர்ந்த மரணம் என்று தீர்ப்பு வந்தது. தண்டனை இருந்தது. அதற்குரிய காலத்தை அவள் ஏற்கெனவே உள்ளே கழித்திருந்தாள்.

அவளை அழைத்துப் போக அவள் அண்ணன் திருச்செங்கோட்டிலிருந்து வந்திருந்தார். சிட்டி புதுக் கவுனில், “மாமய்யா, ஆ லாரி மனதா?” என்று கேட்டது. அந்த லாரி நம்முடையதா என்கிறது. அவர் விழித்தார். நான் மொழிபெயர்த்தேன். “ஊருக்குப் போனா ரெண்டு மாசத்துல சரியாப் போயிருமுங்க” என்றார் பிள்ளையின் தெலுங்கைப் பற்றி. பாவாயி என் கையைப் பிடித்தாள். வழக்கமாகச் சொல்கிற ‘போயிட்டு வர்றேன்’ வாயில் வந்துவிட்டது, சிறை வாசல் என்று நினைவு வந்து பாதியில் விழுங்கினாள். தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனாள்.

அந்த மாதமே கதிர் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்கையை உடைத்துக்கொண்டான். சைனிக்புரிச் சாலைகளை அறிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இருக்காது. நான் அந்த எக்ஸ்ரே அறைக்கு வெளியே நின்று என் சுண்டுவிரலையே பார்த்துக்கொண்டிருந்தது சேகருக்குத் தெரியாது. கட்டுப் போட்டுக்கொண்டு வெளியே வந்தவன், “லைட் தீஸ்கோ மா” என்றான். கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

8

இந்த வாரம், காவலரிடம் அசல் ஊரைச் சொல்லிவிட்டு, கையெழுத்துக்காக நின்று, ஒரு வழியாக உள்ளே போனேன். வட்டத்தில் மூன்று முகங்கள் புதிது. சிட்டி இல்லாததால் யாரும் ஒட்டு கேட்கவில்லை. ஷாஹீன் தன் ஜாமீன் மனுவைப் பற்றிப் புலம்பினாள். புதியவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் என்னவோ கேட்டேன், யாரோ என்னவோ சொன்னார்கள். வார்டர் இரண்டு தரம் எண்ணிவிட்டுப் போனார்.

எழுந்திருக்கும் நேரத்தில் யாதம்மா, “மேடம், ஒண்ணு கேட்கணும்” என்றாள்.

“கேள்.”

“பாவாயி சொன்னாள், ஜட்ஜி கேட்டார், விட்டுவிட்டார்கள். என் கேஸ் முடிந்துபோன கேஸ். அப்பீலும் போய்விட்டது. இப்போது நான் ஏதாவது சொன்னால், யாராவது திருப்பி எடுத்துக் கேட்பார்களா?”

அவளுக்காக ரமணாவிடம் நான் ஏற்கெனவே கேட்டிருந்தேன். ஒரு தடவை அல்ல, பல தடவை, அவர் மோட்டார் சைக்கிளைப் பிடித்து நிறுத்திக் கேட்டிருந்தேன். ஆறுதலாக எதையாவது சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்தால் பொய் வரவில்லை.

“மாட்டார்கள், யாதம்மா.”

“சொன்னால் தண்டனை குறையுமா?”

“குறையாது.”

“என் பிள்ளைகள் வருவார்களா?”

“எனக்குத் தெரியாது.”

“அப்படியானால் இதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.”

“இல்லை” என்றேன்.

அவள் எழுந்துவிட்ட பெண்களைக் கையைக் காட்டி உட்காரச் சொன்னாள். வார்டரைப் பார்த்து, இன்றைக்கு நேரமாகும் என்றாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு என் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“சரி. அப்போ சொல்றேன்.”